மூணாம் நம்பர் விசிறியின் கணக்கு

நாற்பத்தொன்று.

காதுக்காரன் சென்சாரின் நீளக் கம்பியை வெளியே இழுத்து, மறுபடியும் விசிறியைச் சுற்றியுள்ள இரும்பு வலை வழியாக நுழைத்து, பேரிங் பெட்டியின் மேல் அழுத்தி வைத்தான். திரையில் அதே நாற்பத்தொன்று டெசிபல்தான்.

ஹெட்ஃபோனில் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெறிக்கிற சத்தம். மனிதக் காதுக்கு எட்டாத உரசலை எல்லாம் கேட்கிற சத்தமாக இறக்கித் தருகிற கருவி அது. நல்ல பேரிங் ஒரே சீராக இரையும், இப்படிப் பொரியாது. அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு மெஷின் மெஷினாக அலைவதால்தான் ஆலையில் அவனுக்குக் காதுக்காரன் என்று பெயர்.

பதிவேட்டைப் புரட்டினான். எட்டு மாதமாக, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி, மூணாம் நம்பர் விசிறி: இருபத்திரண்டு, இருபத்திமூன்று, இருபத்திரண்டு. எல்லாம் அவன் கையெழுத்து. கடைசி மூன்று வாரம் மட்டும் காலி. விபத்து விசாரணைக்காக விசிறியை நிறுத்திவைத்து, இன்றைக்குத்தான் ஓட விட்டிருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"மூணு வாரமா சும்மா நின்ன மெஷின் எப்படிப்பா தேயும்?"

அவன் கிரீஸ் கன்னை எடுத்தான். முன்பெல்லாம் கிரீஸ் போட விசிறியை நிறுத்தி, வலைக் கதவைத் திறந்து, கையை உள்ளே விட வேண்டும். இப்போது வெளியிலிருந்தே போட ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். ஒரு உயிர் போன பிறகு அரை நாளில் முடிந்த வேலை.

இரண்டு அழுத்து. பொரிவது அடங்கியது. முப்பத்திமூன்று, இருபத்தாறு, இருபத்திரண்டு.

சூப்பர்வைசருக்கு அப்பாடா என்றிருந்தது. அவன் கையைக் காட்டி இருக்கச் சொன்னான்.

கிரீஸ் போட்டதும் அடங்கி அப்படியே கிடந்தால் அது வெறும் வறட்சி. அடங்கிவிட்டுத் திரும்ப எழுந்தால் பேரிங்குக்குள் காயம் என்று அர்த்தம்.

இரண்டாம் நிமிடம் இருபத்தெட்டு. நான்காம் நிமிடம் முப்பத்தைந்து. ஆறாம் நிமிடம் மறுபடியும் நாற்பத்தொன்று.

ஆகக் காயம் பழையது. அப்படியென்றால் பதிவேட்டில் இருக்கிற இருபத்திரண்டுகள் வர ஒரே வழிதான் உண்டு. திங்கட்கிழமைதோறும் ஒன்பது மணிக்கு ஓரிரு நிமிடம் முன்னால் யாரோ இதற்குக் கிரீஸ் போட்டிருக்க வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை, ஒன்பதுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது, ஓடுகிற விசிறியின் தண்டு மச்சானின் சட்டைக் கையைச் சுற்றி இழுத்தது.

மச்சான் என்றால் அவன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். ஆலையில் எல்லா மெஷினுக்கும் கிரீஸ் போடுகிறவர். மூணாம் நம்பருக்கு மாதம் ஒருமுறை, அதுவும் வியாழக்கிழமை, அதுவும் நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும். முறை இல்லாத நாளில், ஓடுகிற மெஷினுக்குள் கை விட்டது ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருப்பான் என்று ஒருவன் கிளப்பிவிட்டான். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர். அந்தப் பேச்சு ஒரே நாளில் வீடு வரைக்கும் வந்து சேர்ந்தது. விசாரணை அறிக்கையில் 'சொந்தக் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

மனைவி தினமும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்காருவாள்.

"அண்ணன் அங்க எதுக்குங்க போனாரு? கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

எட்டு மாதத்துக்கு முன்னால் இதே பேரிங் முப்பத்தெட்டு காட்டியது. அவன் பேச்சைக் கேட்டு ஒன்றரை நாள் ஆலையையே நிறுத்திப் பிரித்துப் பார்த்தார்கள். பேரிங் பளபளவென்று இருந்தது. காயம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளரவில்லை, கருவி அவ்வளவு சீக்கிரம் கேட்டுவிட்டது. அதையெல்லாம் யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? மேனேஜர் நாற்பது பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். இன்னொரு தடவை சும்மா நிறுத்தச் சொன்னால் கருவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அன்று சாயங்காலம் மச்சான்தான் அவன் முதுகில் தட்டி, உன் காது ரொம்பக் கூர்மை மாப்ள, என் தங்கச்சி கூப்பிட்டா மட்டும் கேக்காது என்று சிரிக்க வைத்தார். அடுத்த திங்களிலிருந்து இருபத்திரண்டு.

சூப்பர்வைசர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மோசமான ஆள் இல்லை.

"உன் மச்சான் அன்னிக்கு எதுக்கு வந்தாருன்னு ஏதாவது தெரிஞ்சா சொல்லுப்பா. அறிக்கைய மாத்தி எழுத வைக்கலாம். அவர் பேராவது மிஞ்சும்."

"தெரியல சார்."

அவன் பதிவேட்டில் நாற்பத்தொன்று என்று எழுதினான். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எட்டு மாதமும், அவன் வந்து நிற்கிற ஒவ்வொரு திங்கட்கிழமையும், வலைக் கதவின் கொக்கியில் புது கிரீஸில் விரல் தடம் பதிந்திருக்கும். யாருடையது என்று யோசிக்கவே வேண்டாம், மச்சானுக்கு ஆள்காட்டி விரல் பாதிதான். அவன் அக்கம்பக்கம் பார்ப்பான். பையிலிருந்து துணியை எடுத்துத் தடம் தெரியாமல் துடைப்பான். அதற்குப் பிறகுதான் ஹெட்ஃபோனை மாட்டுவான்.