நான்கு தேசிக்காய்கள்

ஓகஸ்ட் மாதம் விக்னராஜா வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோரா தன் பழைய கரவன் வானை மூன்று கிழமைக்குக் கொடுத்தாள். அவரும் மனைவியும் விடுமுறைக்குப் போவதாக நினைத்து, காசில்லாமல் இரவு தங்கக்கூடிய கடற்கரைகளையும் வடிவான ஏரிகளையும் வரைபடத்தில் வட்டமிட்டுத் தந்தாள். அவர் மனைவி ஞானம்பிகை அந்த வட்டங்களை வடக்கு எல்லை வரை கோடிட்டு இணைத்தாள். அன்றிரவே பனிக்குள் அந்த எல்லையைக் கடந்து அவர்களிடம் வரப்போவதாக மகன் தனேஸ் தொலைபேசியில் சொல்லி எட்டு மாதமாகிவிட்டது. அவனைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரனும் இப்போது கதைப்பதில்லை.

வானில் மூன்று படுக்கைகள். மூன்றாவதிலும் அவள் போர்வை விரித்தாள்.

விடியவே புறப்பட வேண்டும் என்பதால், பல்லரோச் சந்தையில் வாங்கிய தேசிக்காய்களை விக்னராஜா மாலையிலேயே நான்கு சில்லுகளுக்கும் கீழே வைத்தார். காலையில் நான்கும் நசுங்கிக் கிடந்தன. வான் நிறுத்திய இடத்திலேயே நின்றது.

"ஆரோ ஓடிப்போட்டு வந்து விட்டிருக்கினம்," என்றார். ஆனால் திறப்பு அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது.

ஞானம்பிகை கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். மூன்றாவது தலையணை நடுவில் பள்ளமாக இருந்தது. போர்வையில் வெண்பனி படிந்திருந்தது. வெளியே அப்போதே வெயில் சுட்டது.

"இஞ்சை வாங்கோப்பா, கெதியா!"

அவர் ஏறியபோது அவள் அந்தப் பனியை இரண்டு கைகளாலும் அள்ளி நெஞ்சோடு பிடித்திருந்தாள். விரலிடுக்கால் தண்ணீர் வழிந்தது.

"சாப்பாட்டை எல்லாம் எறிஞ்சுபோட்டு அந்த ஐஸ்பெட்டியைத் தாங்கோ," என்று கத்தினாள். "பிள்ளை கரையிறான்."