பொட்டு வைத்த பெட்டி

பூட்டு திறந்துகொண்டது. மூடியைத் தூக்கினேன். மூடி மட்டும் கையோடு வந்துவிட்டது.

பெட்டிக்குள் மண் இருந்தது. மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக என்னவோ ஓடியது.

கரையான்.

எதிரே கல்வி அதிகாரி ஸ்ரீரங்கராஜன் நின்றிருந்தார். எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

தரையில் இரண்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளும் உட்கார்ந்திருந்தன. ஏ பிரிவு என்னுடையது. பி பிரிவுக்குப் பின்னால் லூர்துராணி டீச்சர் நின்றார், கையில் அந்த பல்போடு.

அந்த பல்பைப் பற்றிச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

எண்பத்தொன்றில் சூழ்நிலையியல் கற்பிப்பதற்கென்று எங்கள் பாலக்கரைப் பள்ளிக்கு இந்த மரப்பெட்டி வந்தது. உள்ளே ஆறு பூதக்கண்ணாடி, மழை அளக்கும் குப்பி ஒன்று, பறவைப் படங்கள், இலைப் படங்கள். பொறுப்பு என் தலையில். அன்றைக்கே பூட்டினேன்.

சரஸ்வதி பூஜையன்று பெட்டியைத் துடைத்து, மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூட்டில் பூச்சரம் சுற்றிக் கும்பிடுவேன். இரண்டு வருஷமும் செய்தேன். திறக்கத்தான் இல்லை.

லூர்துராணி டீச்சர் ஒரே ஒரு முறை பூதக்கண்ணாடி கேட்டார்.

“உடைஞ்சா யாரு டீச்சர் பதில் சொல்றது?” என்றேன்.

அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. அவர் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியன். மறு வாரமே ஃபியூஸ் போன பல்பு ஒன்று வகுப்புக்கு வந்தது. உள்ளே இருந்த கம்பியையெல்லாம் எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி, வாயைத் தக்கையால் அடைத்திருந்தார். அது வழியாகப் பார்த்தால் எறும்புக்கு மீசை தெரிந்ததாம்.

நான் பார்த்ததில்லை. எல்லாம் பி பிரிவுப் பூரணி சொல்லித் தெரிந்ததுதான்.

அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. இன்னைக்கு உய்யக்கொண்டான் வாய்க்கால் கரைக்குப் போனோம், டீச்சர் நத்தை காட்டினாங்க. இன்னைக்கு டீச்சர் அரசிலையை ஊறப்போட்டாங்க, கொஞ்ச நாளில் நரம்பு மட்டும் மிஞ்சுமாம். சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் பேசுவாள். டீச்சர், டீச்சர், டீச்சர்.

நானும் பதினாறு வருஷமாக வாத்தியார். என்னைப் பற்றி ஒரு பிள்ளையாவது யாரிடமாவது இப்படிப் பேசியிருக்குமா?

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், நானும் ஒரு பல்பை எடுத்து முயன்று பார்த்தேன். கையிலேயே உடைந்தது. விரலில் மூன்று தையல். தேங்காய் துருவும்போது பட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

போன வாரம்தான் சுற்றறிக்கை வந்தது. மைசூரில் பத்து நாள் பயிற்சி. பள்ளிக்கு ஓர் ஆசிரியர். கற்பிக்கும் சாதனங்களை அதிகாரி நேரில் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பார். ஆறு பூதக்கண்ணாடி எங்கே, ஃபியூஸ் போன பல்பு எங்கே என்று நினைத்துக்கொண்டேன். கஞ்சி போட்ட சட்டையில் வந்தேன். இரண்டு பிரிவையும் ஒன்றாக உட்காரவைக்கச் சொன்னதும் நான்தான். எல்லோரும் பார்க்கட்டும் என்று ஆசை.

பார்த்தார்கள்.

லூர்துராணி டீச்சர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

“பிள்ளைங்களா, சத்தம் போடாம வரிசையா வாங்க. கரையான் வீட்டை இவ்வளவு கிட்டத்துல பாக்க மறுபடி கிடைக்காது” என்றார் அவர்.

வந்தார்கள். என் ஏ பிரிவும் எழுந்து போனது. என்னை யாரும் கேட்கவில்லை. பல்பு கை மாறிக்கொண்டே இருந்தது. அதிகாரியும் பேண்ட்டை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு குந்தினார். ஒரு சிறுமியிடம் கெஞ்சாத குறையாக பல்பை வாங்கிக் கண்ணில் வைத்தவர், திருப்பிக் கொடுக்க மறந்துபோனார்.

பிடி அரிக்கப்பட்டு ஆறு பூதக்கண்ணாடியும் மண்ணில் கிடந்தன. ஒன்றுகூட உடையவில்லை. அவற்றை யாரும் எடுக்கவும் இல்லை.

எழுந்ததும் அதிகாரி நோட்டில் ஒரு பெயர் எழுதினார். எட்டிப் பார்த்தேன். லூர்துராணி.

வலித்தது. ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. மைசூர் போனால் போகட்டும். என் கண் வரிசையிலேயே இருந்தது. அடுத்தது பூரணி.

அவள் பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நான் இன்னும் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்த மூடியைப் பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். என்னிடம் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். என்ன சொன்னாலும் சரி, என்னிடம் சொன்னால் போதும் என்று இருந்தது.

அவள் திரும்பி, லூர்துராணி டீச்சரின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“டீச்சர், சார் வச்ச பொட்டை மட்டும் கரையான் தின்னலை.”

சார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். அவள்மேல் கோபப்பட எனக்கு வழியில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் என்னை அப்பா என்று கூப்பிடக் கூடாது என்று, சேர்த்த அன்றே வாசலில் நிறுத்தி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.