பேர் போடாத காகிதம்

இந்தக் காலத்தில் ஏமாற்றுக்காரர்கள்கூடச் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்பது செல்லையாவின் கட்சி. அந்தக் காலத்தில் ஒருத்தனை ஏமாற்ற வேண்டுமென்றால் ஆறு மாதம் பழகுவான், வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறுவான், அப்புறம்தான் கையை வைப்பான். இப்போது எடுத்ததுமே காகிதத்தை நீட்டி, "இங்கே கைநாட்டு வையுங்க" என்கிறார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணும் காகிதத்தைத்தான் நீட்டிக்கொண்டிருந்தாள்.

கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் பீர் முகைதீனின் டீக்கடை. செல்லையா முப்பது வருஷமாகக் கோர்ட்டுக்கு நடையாய் நடப்பவர். ஒரு டீ குடித்துவிட்டுத்தான் படியேறுவார். நாலு நாளாக அந்த டீயை இவள் நிம்மதியாகக் குடிக்க விடவில்லை. பேர் தமிழ்மணி, இங்கே பர்மாவிலேயே பிறந்து வளர்ந்ததால் பேச்சு பாதி பர்மீஸ். சட்டம் படித்து முடித்துவிட்டு, இன்னும் மேலே படிக்கப் போகிறாளாம்.

"ஊலே, இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள எந்தப் படிப்புன்னு சொல்லியாகணும்," என்றாள். மாமா என்பதற்கு அந்தப் பர்மியச் சொல்தான் அவள் வாயில் வரும். "வகுப்புக்குப் போய்ப் படிக்கிறது ஒண்ணு. ஆராய்ச்சி இன்னொண்ணு. எனக்கு ஆராய்ச்சிதான் ஆசை. நீங்க பேசச் சம்மதிச்சு இதுல கைநாட்டு வெச்சாத்தான் அது நடக்கும்."

"ஆராய்ச்சிக்கு வகுப்பு உண்டா?"

"இல்ல."

"பரீட்சை?"

"இல்ல. ரெண்டு வருஷம் உக்காந்து ஒரே ஒரு புத்தகம் எழுதணும்."

"யாரு படிப்பா?"

தமிழ்மணி யோசித்தாள். "மூணு பேர் இருப்பாங்க."

"கேட்டீங்களா பாய்? ரெண்டு வருஷம் எழுதுவாளாம், மூணு பேர் படிப்பாங்களாம். அதுக்கு என் கட்டைவிரல் வேணுமாம். பொய் சொன்னாலும் பொருத்தமா சொல்ல வேணாமா?"

பீர் முகைதீன் டீயை ஆற்றிக்கொண்டே, "காகிதத்துல என்ன இருக்குன்னு கேளுங்கண்ணே," என்றார்.

"உங்க பேர் எங்கேயும் வராது ஊலே," என்றாள் அவள். "தெரு, ஊர் எதுவும் வராது."

"பேர் போடாத பத்திரமா? அதுக்குப் பேரு திருட்டுப் பத்திரம்."

"நீங்க சொல்றதை யார்கிட்டயும் காட்ட மாட்டேன். பூட்டி வெச்சிடுவேன்."

"பூட்டி வைக்கிறதுக்கு எதுக்குடி கேக்குற?"

"பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேணாம்."

செல்லையா டீ கிளாஸைக் கீழே வைத்தார். கல்யாணம், வாடகை வீடு, கோயில் கமிட்டி என்று எழுபது வருஷத்தில் எத்தனையோ பார்த்துவிட்டார். எதிலும் விலகிக்கொள்ளலாம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. நுழையும்போதே வெளியேறும் வழியைக் காட்டுகிறார்கள் என்றால், உள்ளே எதை வைத்திருக்கிறார்கள்? பசுந்தாங் பேட்டையில் அவருக்கென்று இருக்கும் ஒற்றை அறை கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்குத்தான் இவள் குறி வைத்திருக்கிறாள்.

"சரி, எனக்கு இதுல என்ன பலன்?"

"ஒண்ணும் கிடையாது ஊலே. அதையும் இதுலயே எழுதியிருக்கு."

"பாத்தீங்களா, மூஞ்சிக்கு நேராவே சொல்றா!"

"ஏமாத்துறவன் பலன் உண்டுன்னுல்லண்ணே சொல்லுவான்?"

"அது பழைய ஏமாத்து பாய். இது படிச்ச ஏமாத்து."

தமிழ்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க உண்மையைச் சொன்னாப் போதும் ஊலே. தினம் அந்தப் படியேறி என்ன செய்றீங்கன்னு மட்டும். உங்க அளவுக்கு அனுபவம் இங்க யாருக்கும் இல்லைன்னு சொல்றாங்க."

"உண்மையைக் கேட்டு வாங்கி, பேர் போடாம, பூட்டி வைக்கிறதுக்கு ஒரு படிப்பு! போ தாயி, பரீட்சை எழுதுற படிப்பையே எடு. அதுல காப்பியடிக்கவாவது வழி இருக்கு."

அவள் போனில் விண்ணப்பத்தைத் திறந்து, 'வகுப்பு' என்ற கட்டத்தைத் தொட்டாள். காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கோர்ட் படியிலிருந்து வக்கீல் குமாஸ்தா கைதட்டி, பர்மிய மரியாதைப்படி பேருக்கு முன்னால் 'ஊ' போட்டுக் கூப்பிட்டான். "ஊ செல்லையா! கூப்பிட்டாச்சு, வாங்க!"

செல்லையா லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "நல்லவேளை, தப்பிச்சேன் பாய். பேர் வராதாம், பலன் இல்லையாம், விலகிக்கலாமாம்! எவன் நம்புவான்?" முணுமுணுத்தபடியே பஸ்களுக்கு நடுவே புகுந்து, ரோட்டைத் தாண்டி நடந்தார்.

போன செவ்வாய்க்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு மூன்று வெவ்வேறு தெருக்களில் நடந்த மூன்று விபத்துகளையும் கண்ணால் கண்ட ஒரே சாட்சி அவர்தான். மூன்றாவதை இன்றைக்குச் சத்தியம் செய்து சொல்லியாக வேண்டும்.