கேளாமல் பறித்த பூ

அழைப்புமணியை அழுத்திவிட்டாள். இனி ஓட முடியாது.

பதினோரு மாதமாக இந்த மதிலின் வெளிப்பக்கம்தான் அவளுக்குத் தெரியும். வாசலுக்கு வந்து நிற்பது இன்றுதான் முதல்முறை.

கையில் காலி கவர்.

உள்ளே யாரோ செருப்பைத் தேடும் சத்தம். மெதுவாகத்தான் தேடினார்கள்.

முந்தாநாள் யோகா வகுப்பில் வந்தது வினை. பூங்காவில் விடியற்காலையில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடுவார்கள். ஆசனம் முடிந்ததும் டீச்சர் வாரம் ஒரு நெறி சொல்வாள். அந்த வாரம் முழுக்க வீட்டிலும் தெருவிலும் அதன்படி நடந்து பார்க்க வேண்டும். போன வாரம், யாரையும் நோகடிக்காமை. இந்த வாரம், களவாடாமை.

"அடுத்தவங்க கொடுக்காததை எடுத்தாலே களவுதானுங்க. அது ஒரு பூவா இருந்தாலும் சரி."

"அப்படீன்னா நம்ம அக்காளைப் புடிச்சு ஸ்டேஷன்ல குடுங்க டீச்சர்," என்றாள் தெய்வானை. "தெனமும் பை நெறையப் பூவோடதான் வருது!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கேலிதானே.

பிறகு பாயைச் சுருட்டியவள், அதைக் கட்டக்கூட மறந்து, அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவள் வீட்டுக்காரர் மஞ்சள் மண்டியில் ஏலம் கூறியவர். நாலு தெரு தள்ளிக் கேட்கும் குரல். பக்கவாதம் வந்து ஒரே காலையில் அது போயிற்று.

"பொறுத்துப் பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதையும் சொல்வதில்லை.

அவள் பெரிதாக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. ஒரு சொல். தண்ணி என்றாவது. அவள் பேரையாவது. திட்டினாலும் சரிதான்.

நாற்பத்தெட்டு நாள் பூப்போட்டுக் கும்பிடுவதாக நேர்ந்துகொண்டாள். அது முடிந்து இன்னொரு நாற்பத்தெட்டு. இப்போது ஏழாவது.

போட்டதெல்லாம் இந்த மதிலுக்கு மேல் எட்டிப் பறித்த நந்தியாவட்டை.

திருட்டுப் பூ.

அதனால்தான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அத்தனை மாதத்தில் முதல்முறையாக. தப்பு தன்னுடையது என்றால் திருத்திவிடலாம் அல்லவா? மன்னிப்புக் கேட்கலாம். கேட்டு வாங்கிய பூவைப் போட்டு முதல் நாளிலிருந்து தொடங்கலாம்.

இன்று காலை கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டபோது, அவர் காதோரம் குனிந்து சொல்லிவிட்டே வந்தாள்.

"தப்பு எம்மேலதான் மாமா. சரி பண்ணீட்டு வந்தர்றேன்."

அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட் திறந்தது.

எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பனியன், வேட்டி. செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தார்.

"ஆரு அம்மிணி?"

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். படுத்திருப்பவரை, வேண்டுதலை, பூவை. மூச்சு வாங்கியது.

பெரியவர் சிரித்தார்.

"இதுல என்ன திருட்டு? என்ற சம்சாரம் மதிலோரமா வெச்சதே ரோட்ல போறவங்க பறிக்கோணும்னுதான். நீங்க பறிக்கறதை நான் சன்னல்ல பாத்துட்டுத்தான இருக்கறேன்."

"கேக்காம எடுத்தேனுங்க."

"கேக்க வேண்டாம்னுதான் கெளையை அந்தப் பக்கமா உட்டிருக்குது."

"கம்பு வெச்சு உள்பக்கம் இருக்கறதையும் இழுத்துப் பறிச்சேனுங்க."

"நல்லாப் பறிங்க."

"ஒருநாள் ஒரு கெளையே முறிஞ்சு போச்சுங்க."

"அட, நானே வருசா வருசம் வெட்டித்தான் உடறேன். நீங்க எனக்கு ஒரு வேலையைக் கொறைச்சிருக்கறீங்க."

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, திருட்டுன்னு சொல்லுங்கய்யா. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்."

பெரியவருக்குப் புரியவில்லை. ஆறுதலுக்காகத் தவிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர். என்ன செய்வார், பாவம்.

"மனசைப் போட்டுக் கொழப்பிக்காதீங்க அம்மிணி. சுத்தமான பூவு. என்ற சம்சாரமும் நோவுல கெடந்து இதைத்தான் தெனமும் போட்டுக் கும்புட்டா. கடைசி நாள் வரைக்கும்."

அவள் கையிலிருந்த காலி கவரைப் பார்த்தாள்.

சுத்தமான பூ. முந்நூற்றுச் சொச்சம் நாளும் சுத்தமான பூ. ஒரு நாள் தவறாமல் சாமியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தெருவில் பால்காரரின் வண்டி போயிற்று.

பெரியவர் எம்பி ஒரு கிளையை எட்டிப் பிடித்து அவளுக்காக வளைத்தார். கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது.

"பறிங்க."

அவள் கை எழவில்லை.

அவர் விடவில்லை. ஒரு காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். முழங்கை நடுங்கத் தொடங்கிற்று. அவள் பறிக்கும்வரை இப்படியே நிற்பார் என்று தெரிந்தது.

அந்தக் கைக்காக ஒன்றைப் பறித்தாள்.

"இன்னும் பறிங்க அம்மிணி, வேண்டுதல்னு சொன்னீங்க."

"போதுமுங்க."

அவர் கிளையை விட்டார். அது மேலே போய் ஆடியது.

ஒற்றைப் பூ. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.