குடியிருப்புக்கே உறைத்த பஜ்ஜி

"நான் ஒரு மிளகாய் பஜ்ஜியைக் கடிச்சா வேளச்சேரிக்கே தண்ணி லாரி வரணும்!" என்று பீற்றிக்கொண்டார் குலசேகரன்.

காய்ச்சலுக்குப் பிறகு அவர் மனைவி செண்பகவல்லிக்கு நாக்கில் ருசியே இல்லை. வீட்டு ரவுட்டரில் ருசியைக் கடத்தும் நாக்கு இணைப்பு ஆளுக்கொன்று; ஒருவர் ருசி மற்றவருக்குப் போகாதபடி நடுவில் ஃபயர்வால். தன் ருசி அவளுக்கும் போகட்டும் என்று இருவர் இணைப்பையும் பாலம் போட்டு ஒன்றாக்கிவிட்டார் மனிதர்.

"மோட்டார் சுவிட்சே போடத் தெரியாது, நாக்கை இணைக்கிறாராம்!" என்றாள் அவள்.

பஜ்ஜியைக் கடித்தார். அவசரத்தில் குடியிருப்புக்குப் போகும் வெளி இணைப்பையும் சேர்த்து டிக் செய்திருந்தார் போலும். மாடிக்கு மாடி 'ஸ்ஸ்ஸ்' என்று குடியிருப்பே குடத்தைத் தேடி ஓடியது. வாட்ச்மேன் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையையே விட்டுவிட்டார். குலசேகரனோ மனைவியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

செண்பகவல்லி மூக்கைச் சிந்தினாள்.

"நம்பிட்டேன், போதுமா? உறைக்குதுங்க! மாவுலதான் உப்பு பத்தல."