ஜன்னலோரம்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்கும் ஆள் கூப்பிடுவதில்லை, ஃபோனில் ஒரு வீடியோவைப் பார்த்ததும் தாங்களே மேஸ்திரி ஆகிவிடுகிறார்கள் என்று திருமூர்த்திக்கு எரிச்சல்.

ரிச்சர்ட்சன் நகரத்தில் அவர்கள் வீட்டு டிரைவ்வேயில், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் பழைய ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் வீடு நின்றது. அதன் ஜன்னலைச் சுற்றி இற்றுப்போன பசையைச் சுரண்டி, புதுசு பூசிக் காயவைத்திருந்தான் மகன் கதிர்.

“அம்மாவுக்கு எந்த இடம்டா?”

“ஜன்னலோரம்ப்பா. கலிபோர்னியா கடல் வரைக்கும் வேடிக்கை பாத்துட்டே வரட்டும். எத்தனை நாள் ஆசை!”

“மழை பேஞ்சா?”

“நல்லா சீல் பண்ணிட்டேன். நீங்களே செக் பண்ணுங்க.”

கதிர் ஹோஸ் பைப்பால் ஜன்னல்மேல் தண்ணீர் பீய்ச்சினான். திருமூர்த்தி உள்ளே போய் விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தார். ஈரமே இல்லை.

“இப்ப நம்புறீங்களாப்பா?”

“தண்ணிக்கு வழி சொல்லியா தரணும்? ஒழுகிச்சுன்னா, கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே அவ இங்க கரைஞ்சிருவாடா.”

கதிர் பைப்பைக் கீழே போட்டான். “கலயத்து மூடி டைட்டாதான்ப்பா இருக்கு.”

“அதையும் நீதானே மூடின?”

மனைவி புஷ்பவல்லியின் அஸ்திக் கலயத்தை எடுத்துத் துண்டால் இன்னொரு சுற்று சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார் திருமூர்த்தி.