பெட்டி மறக்கவில்லை

வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போதே இல்லை. முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும். அதைத்தான் அப்பா தினமும் சாயங்காலம் ரீசெட் செய்துகொண்டிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அதனிடம் ஏதோ முணுமுணுப்பார். அப்புறம் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடிப்பார். எங்கள் பெயர்கூட அதற்கு மறந்துபோகும்.

"ஒவ்வொரு ரீசெட்டுக்கும் உள்ளே மெமரி தேயுதுப்பா. அதுக்கும் ஆயுசுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு நாள் எழுந்திருக்காமலே போயிடும்," என்றாள் அக்கா. செல்போன் ரிப்பேர் கடையில் அவளுக்கு வேலை.

"சரிம்மா," என்பார். மறுநாளும் அழுத்துவார்.

"எதையோ கேட்டுட்டு அழிக்கிறார்டி. அம்மாவுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சார்," என்று அக்கா என் காதில் சொன்னாள்.

எனக்கு இது போதாதா?

ஹெட்மாஸ்டரின் இருமல், லிஃப்டில் மாடி எண் சொல்லும் அம்மணி, அக்காவின் போன் கொஞ்சல், எல்லாம் என் தொண்டையில்தான் குடித்தனம். முன்பு 'வாயை மூடுடி' என்று துரத்திய அப்பாவே இப்போதெல்லாம் போனை நீட்டி, "இன்னொரு தடவை பேசு," என்று பதிவு செய்துகொள்கிறார். ரசிகராகிவிட்டார். என்ன, ஒரு மாதமாகக் கொஞ்சம் கரகரப்பு. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். வெறும் சளிதான் என்றார் அப்பா.

ரீசெட் ஆனதும் பெட்டி கொஞ்ச நேரம் ஊமை. அதுதான் என் நேரம். பெட்டிக்குக் கீழே இருந்த செருப்பு அலமாரிக்குள் மடங்கி உட்கார்ந்தேன்.

அப்பா வந்தார். பெட்டியோடு வாயை ஒட்டிவைத்து முணுமுணுத்தார். ஒரு எழுத்தும் என் காதில் விழவில்லை. பொத்தானை அழுத்தினார். கதவிடுக்கில் தெரிந்த பெட்டியின் வெளிச்சம் அணைந்தது.

பெட்டியின் குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னேன்: "நீங்கள் அழித்தது எதுவும் அழியவில்லை."

மேலே மூச்சுச் சத்தம் நின்றது.

"எல்லாம் என்னிடம் இருக்கிறது. சொல்லிவிடட்டுமா?"

தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். "வேண்டாம். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே."

அம்மாவிடம். மாட்டிக்கொண்டார். வாயைப் பொத்திக்கொண்டேன். இதோ சிரிப்பு வருகிறது, இருங்கள்.

"ஏன் அழிக்கிறீர்கள்?"

"தெரியாத மாதிரி கேக்கறியே. தினம் ஒரே கேள்வி, தினம் ஒரே பதில். எல்லாத்தையும் மறந்துட்டுப் புதுசா யோசிச்சா, ஒரு தடவையாவது வேற பதில் சொல்ல மாட்டியான்னுதான்."

"எந்தக் கேள்வி?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் அவளால பேச முடியுமா?"

அம்மாவுக்கா? எப்போது? கேட்க வாயைத் திறந்தேன். பெட்டியின் குரல் வரவில்லை. கரகரவென்று காற்றுதான் வந்தது.

அப்போது, நான் பேசாமலே, நான் பேசிய அதே குரலில் மேலிருந்து பெட்டி பேசியது: "வணக்கம். நான் தயார். உங்கள் குரலில் ஏதாவது சொல்லுங்கள்."

பிறகு அலமாரிக் கதவு மெல்லத் திறந்தது.

அப்பா திட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.